வெறும் தகடு

படத்தில் யாரும் வரக்கூடாது என்று கேட்டு வந்தவள் டோர்கஸ் கிரீன்வுட் ஒருத்திதான்.

மற்றவர்கள் யாராவது வர வேண்டும் என்றுதான் வந்தார்கள். செத்த கணவன், செத்த குழந்தை, செத்த தங்கை. எங்கள் மில் ஊரான ஹாலிஃபாக்ஸில் அந்த வருடம் சாவுக்குக் குறைவில்லை. நாற்காலியில் உட்காருவார்கள். தலை அசையாமலிருக்கப் பின்கழுத்தில் இரும்புக் கவ்வி. படக்காரர் ஆம்ப்ளர் கேமராவின் மூடியைக் கழற்றி எண்ணுவார். கழுவி எடுத்த கண்ணாடித் தகட்டில் அவர்கள் தோளுக்குப் பின்னால் புகை மாதிரி ஒரு முகம் நிற்கும். அழுதுகொண்டே வாங்கிப் போவார்கள்.

டோர்கஸ் வாசலிலேயே நின்றாள். என் தெருக்காரி. நான்கு வீடு தள்ளி இருந்தாள். மேட்டு மில்லில் இருபது வருடமாகத் தறி ஓட்டுகிறவள். அவளுக்கு மெதுவாகப் பேச வராது.

"ஆவிப் படம் இங்கதானே எடுக்குறாங்க?"

"தெரியாத மாதிரி கேக்குறீங்க. நான் இங்க வேலை பாக்குறது தெருவுக்கே தெரியும்."

"தெரியும்டீ. முறையா கேக்க வேண்டாமா?"

"யாருக்காக?"

"ஹெப்சிக்காக."

கையிலிருந்த தோல்துணியைக் கீழே வைத்தேன். ஹெப்சி அவளுடைய ஒரே மகள். பதினெட்டு வயது. ஜூன் மாதம் ஒரு கயிறு வியாபாரியோடு லிவர்பூல் போனாள். முதல் வாரம் ஒரு கடிதம் வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. இப்போது மார்ச்.

"ஹெப்சி செத்துட்டான்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. அதுக்குத்தான் வந்தேன்." அவள் உள்ளே வந்து குரலைத் தணிக்கப் பார்த்தாள். தணியவில்லை. "படத்துல அவ வந்தா செத்துட்டா. வரலேன்னா உயிரோட இருக்கா. உயிரோட இருக்கறவங்க ஆவியா வர முடியாதுல்ல?"

"முடியாது."

"ஞாயித்துக்கிழமை ஆவி கூப்பிடுற வட்டத்துல சட்கிளிஃப் எட்டு தடவை அவளைக் கூப்பிட்டுப் பாத்தாரு. மேஜை அசையவே இல்ல. செத்தவங்க சில பேரு வெக்கப்படுவாங்களாம். படம்னா ஏமாத்த முடியாதுன்னு அவருதான் அனுப்புனாரு. வெறும் தகடா வந்தா நாளைக்கே வேலையை விட்டுட்டு லிவர்பூல் கிளம்புறேன். தெருத் தெருவா தேடுறேன். எனக்கென்ன, கால் இருக்கு." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வெறும் தகடா வரணும்னு வேண்டிக்கோ கெசியா."

என் விரல்கள் வெள்ளி உப்புப் பட்டுக் கறுத்திருக்கும். கழுவினாலும் போகாது. அந்தக் கையைத்தான் பிடித்திருந்தாள்.

*

ஆம்ப்ளர் முதலில் சாதாரணப் படக்காரர். முதல் ஆவி என்னால் வந்தது.

வாங்க ஆள் வராத படங்களின் தகடுகளைச் சுரண்டிக் கழுவி மறுபடி உபயோகிப்போம். கழுவுவது என் வேலை. கார நீரில் ஊறவைத்து, சாம்பல்கல் பொடி போட்டுத் தேய்த்து, தோல்துணியால் துடைக்க வேண்டும். ஒருநாள் அவசரத்தில் ஒரு தகட்டை ஊறவைக்காமல் துடைத்துக் கொடுத்துவிட்டேன். தானியக் கடைக்காரரின் விதவை அன்று படத்துக்கு உட்கார்ந்தாள். கழுவி எடுத்தபோது அவள் காதுக்கருகே ஒரு கிழவரின் முகம் இருந்தது. ஆம்ப்ளர் என்னைத் திட்ட வாயைத் திறந்தார். அதற்குள் அந்த அம்மாள், "எங்கப்பா" என்றாள். ஆம்ப்ளர் வாயை மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு தவறு தேவைப்படவில்லை. பழைய படங்களிலிருந்து முகத்தை மட்டும் சிறிய கண்ணாடிப் பிரதியாக எடுத்து வைத்துக்கொள்வார். ஆள் வெளியே உட்கார்ந்திருக்கும்போது இருட்டறையில் நான் புதுத் தகட்டில் மருந்து பூசி, பிரதியை அதன் மேல் வைத்து, விளக்கின் மூடியை ஒரு மூச்சு நேரம் திறந்து மூடுவேன். அவ்வளவுதான். பிறகு தகட்டை மரக்கூட்டில் போட்டு அவர் கையில் கொடுப்பேன்.

டோர்கஸ் வெளியே காத்திருந்தாள். நான் ஆம்ப்ளரிடம் சொன்னேன்.

"ஐயா, இவங்களுக்கு வெறும் தகடுதான் வேணுமாம்."

"வெறும் தகடா? அதுக்கு எதுக்கு ஆவிப் படம் எடுக்கணும்? சந்தையில எவன்கிட்டயாவது எடுத்துக்கலாமே."

விவரத்தைச் சொன்னேன். அவர் தாடியைச் சொறிந்தார்.

"சட்கிளிஃப் அனுப்புன ஆளா?"

"ஆமா."

"அப்போ வெறும் தகடா அனுப்ப முடியாது. ஆம்ப்ளரால முடியலைன்னு வட்டத்துல பேசுவாங்க." அவர் அலமாரியில் பெட்டிகளை இழுத்துப் பார்க்க ஆரம்பித்தார். "ஞாயிறு பள்ளிப் பொண்ணுதானே? முந்தின வருஷம் பெந்தெகொஸ்தே ஊர்வலத்துக்கு எல்லாரும் புதுச்சட்டை போட்டுக்கிட்டு வந்து நின்னாங்களே."

அந்தப் படத்தை எனக்கும் நினைவிருந்தது. ஹெப்சி சிரித்துக்கொண்டே இருந்ததால் மூன்று தகடு வீணாயிற்று. நான்காவதில் வாயை இறுக்கிக்கொண்டு நின்றாள். அந்தத் தகட்டை எடுத்து ஆம்ப்ளர் வெளிச்சத்தில் பிடித்தார்.

"நல்ல முகம். தொப்பியை மறைச்சிட்டா போதும்."

"ஐயா, அந்தப் பொண்ணு உயிரோட இருந்தா?"

"எழுதப் படிக்கத் தெரியுமா அவளுக்கு?"

"தெரியும்."

"ஒம்போது மாசமா ஒரு கடுதாசி இல்ல. ஒண்ணு செத்துட்டா. இல்ல, அம்மா வேண்டாம்னு இருக்கா. இந்த ரெண்டுல எதை அந்தப் பொம்பளைகிட்ட சொல்லப் போறே? சொல்லு, நானும் கேட்டுக்கறேன்."

அவர் டோர்கஸை மறுநாள் வரச் சொன்னார். வெளிச்சம் போதவில்லை என்று காரணம் சொன்னார். சாயங்காலத்துக்குள் பிரதியைத் தயார் செய்துவிட்டார்.

மறுநாள் இருட்டறையில் நான் தனியாக இருந்தேன். தகட்டில் மருந்து பூசியாகிவிட்டது. ஹெப்சியின் முகம் என் கையில், ஒரு பிஸ்கட் அளவு கண்ணாடியில். விளக்கின் மூடியைத் திறக்காமல் விட்டிருந்தால் போதும். மருந்து சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆம்ப்ளர் கத்தியிருப்பார். அவ்வளவுதான் நடந்திருக்கும்.

என் அண்ணன் ஆமோஸ் அமெரிக்கா போனான். பதினொரு வருடம் என் அம்மா தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் நின்றாள். மழை, பனி, காய்ச்சல் எதுவும் பார்க்கவில்லை. சாகிற அன்று காலையிலும் தபால் வந்ததா என்றுதான் கேட்டாள். ஆமோஸ் செத்த செய்தி வந்திருந்தால் அவள் ஒரு வருடம் கறுப்பு உடுத்தி அழுதிருப்பாள். பிறகு எங்களைப் பார்த்திருப்பாள்.

அதை நினைத்துக்கொண்டுதான் விளக்கைத் திறந்தேன். ஆம்ப்ளர் சொல்லிச் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழி உண்டு. சொல்லமாட்டேன்.

*

டோர்கஸ் கழுவுவதைப் பார்க்க வேண்டும் என்றாள். ஆம்ப்ளர் யாரையும் தடுப்பதில்லை. அதுவே அவருக்கு நற்சாட்சி.

மஞ்சள் வெளிச்சத்தில் கிண்ணத்தின் மேல் குனிந்து நின்றாள். முதலில் அவள் காலர் தெரிந்தது. பிறகு கைகள், முகம். அவள் தனக்குப் பின்னாலிருந்த இடத்தையே பார்த்தாள். அங்கே ஒன்றுமில்லை. அவள் மூச்சை விட்டாள். "இல்ல" என்றாள். "கெசியா, இல்ல பாரு. வரல."

ஆம்ப்ளர் தகட்டை எடுத்துக் கறுப்புத் துணியின் மேல் வைத்தார். அப்படி வைத்தால்தான் முகங்கள் சரியாகத் தெரியும்.

டோர்கஸ் ரொம்ப நேரம் பார்த்தாள். அழவில்லை.

"வாயை இறுக்கிக்கிட்டு இருக்கா" என்றாள். பிறகு ஆம்ப்ளரிடம், "என்னைக்கு செத்தான்னு தெரியுமாங்க?"

"அவங்க தேதி சொல்றதில்லம்மா."

"கஷ்டப்பட்டாளா?"

"முகத்தைப் பாருங்க. அமைதியா இருக்கே."

"ஆமா" என்றாள். "அமைதியாத்தான் இருக்கு. இவ அமைதியா இருந்து நான் பாத்ததே இல்ல."

அந்த வாரமே சாம்பல்நிறப் பாவாடையைக் கறுப்புச் சாயத்தில் போட்டாள். லிவர்பூல் காவல் நிலையத்துக்கு மாதாமாதம் யாரையாவது பிடித்து எழுதவைத்துக்கொண்டிருந்ததை நிறுத்தினாள். நினைவு அட்டை அச்சடிக்கக் கொடுத்தாள். இறந்த தேதி என்ன என்று அச்சுக்காரர் கேட்டார். படம் எடுத்த தேதியைக் கொடுத்தாள். கறுப்பு ஓரம் போட்ட அட்டை வீட்டுக்கு வீடு வந்தது. துக்கச் சாப்பாட்டுக்கு முப்பது பேர் வந்தார்கள். பன்றித் தொடையும் விதை கேக்கும் இருந்தன. நானும் சாப்பிட்டேன்.

ஆகஸ்டுக்குள் டோர்கஸ் தூங்க ஆரம்பித்தாள். கன்னத்தில் சதை வைத்தது. மில்லில் யாரோ சொன்ன நகைச்சுவைக்கு அவள் சிரித்ததாகக் கேள்விப்பட்டேன். நான் செய்தது சரி என்று நினைத்தேன். பல நாள் அப்படி நினைத்துக்கொண்டு நன்றாகவே தூங்கினேன்.

சட்கிளிஃபின் ஞாயிறு வட்டம் அவள் வீட்டுக்கு மாறியது. இப்போது ஹெப்சி தவறாமல் வந்தாள். மேஜை அசைந்தது. மெல்லத் தட்டும் சத்தம் கேட்டது. மூன்று தட்டினால் ஆமாம். ஒன்று தட்டினால் இல்லை.

"நீயும் வா கெசியா" என்றாள் டோர்கஸ். "உன்னாலதான் அவ கிடைச்சா."

*

நவம்பர் மாதம் ஒரு ஞாயிறு, மதியம் மூன்று மணி. வெளியே பனியும் மழையும் கலந்து கொட்டிக்கொண்டிருந்தது. டோர்கஸ் வீட்டுக் கதவு நேராகத் தெருவில் திறக்கும். வட்டம் நடக்கும்போது ஜன்னல் பலகைகளை அடைத்து, கதவைப் பூட்டி, சாவியை மேஜை நடுவில் வைப்பார்கள். முடிவுப் பாட்டுப் பாடும்வரை திறக்கக் கூடாது. திறந்தால் அழைப்பவர் உயிருக்கே ஆபத்து என்பார்கள்.

ஐந்து பேர் கைகோத்து உட்கார்ந்திருந்தோம். கம்பளி சீவும் சட்கிளிஃப், அவர்தான் ஆவிகளை அழைப்பவர். தையல்காரர் ஹோய்ல், அவர் மனைவி, டோர்கஸ், நான். என் இடது கை டோர்கஸ் கையில் இருந்தது.

முதல் பாட்டு முடிந்தது. சட்கிளிஃப் கண்ணை மூடினார்.

டொக். டொக். டொக்.

"வந்துட்டாங்க" என்றார்.

"இன்னைக்கு என்ன சத்தம் பலமா இருக்கு?" என்றாள் ஹோய்ல் மனைவி.

"மழைக்கு ஒதுங்க அவசரம் போல" என்றார் ஹோய்ல்.

"உங்க வாயைத் தைக்கத்தான் ஊசி இல்ல. சும்மா இருங்க."

டோர்கஸ் முன்னால் குனிந்தாள். "ஹெப்சியா?"

டொக். டொக். டொக்.

"அங்க நல்லா இருக்கியா கண்ணு?"

டொக். அதோடு நின்றது.

ஒன்று என்றால் இல்லை. டோர்கஸின் விரல்கள் என் கையில் இறுகின.

"சமயத்துல ரெண்டு தட்டு வர்ற வழியிலயே கரைஞ்சிடும்" என்றார் சட்கிளிஃப். "பயப்படாதீங்க."

அப்போது குரல் கேட்டது. "அம்மா. கதவைத் திறம்மா."

ஹோய்ல் மனைவி கத்திவிட்டாள். சட்கிளிஃபின் முகம் வியர்த்தது. "குரலே வந்துடுச்சு! பிராட்ஃபோர்டு வட்டத்துல இன்னும் தட்டுறதோடதான் இருக்காங்க. இங்க குரலே வந்துடுச்சு! பாடுங்க, பாடுங்க, போயிடப் போகுது."

பாட ஆரம்பித்தார்கள். டோர்கஸ் எல்லோரையும்விட உரக்கப் பாடினாள்.

பாட்டுக்கு நடுவே வெளியே யாரோ இருமினார்கள். நெஞ்சின் அடியிலிருந்து வரும் ஈரமான இருமல். பஞ்சும் கம்பளித் தூசியும் பறக்கிற ஊரில் அந்த இருமல் எல்லோருக்கும் தெரியும். எந்த ஆவியும் அப்படி இருமாது. எனக்குத் தெரிந்துவிட்டது.

தெரிந்தும் உட்கார்ந்திருந்தேன். கதவைத் திறந்தால் மார்ச் மாதம் நான் செய்தது உள்ளே வரும். பாட்டில் நான்கு சரணங்கள். நான்கையும் பாடினேன். ஒரு சரணம் பாடும் நேரம், வெளியே நிற்பது ஆவியாகவே இருக்கக்கூடாதா என்று வேண்டிக்கொள்ளவும் செய்தேன். இருமல் மறுபடி கேட்டது. இந்த முறை கீழேயிருந்து, படியில் உட்கார்ந்துவிட்டது மாதிரி.

கையை உருவிக்கொண்டு சாவியை எடுத்தேன்.

"வட்டத்தை உடைக்காதே!" என்று சட்கிளிஃப் கத்தினார். திறந்துவிட்டேன்.

அவள் படியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். ஆஸ்பத்திரிச் சாம்பல் அங்கி, மேலே ஒரு சாக்கு. தோளெல்லாம் பனி. முகத்தில் ரத்தமில்லை. உள்ளே வந்து இருட்டில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"என்ன, எல்லாரும் பலகையை அடைச்சிட்டு உக்காந்திருக்கீங்க? யாரு செத்தா?"

ஹோய்ல் முழங்காலில் விழுந்தார்.

"யாரும் தொடாதீங்க" என்றார் சட்கிளிஃப். அவர் குரல் நடுங்கியது. அவர் நடிக்கவில்லை. "முழு உருவமா வந்திருக்கு. லண்டன்லதான் இப்படி வருதுன்னு படிச்சேன். தொட்டா கரைஞ்சிடும். அப்புறம் எப்பவும் வராது."

டோர்கஸ் இரண்டு அடி எடுத்து வைத்திருந்தாள். அப்படியே நின்றாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"இந்தாளு என்ன உளறுறான்?" என்றாள் ஹெப்சி. "குடிச்சிருக்கானா? அம்மா, குளிருதும்மா."

"குளிரும் கண்ணு. அங்கேருந்து வர்ற வழி அப்படித்தானாம்."

"எங்கேருந்து? லிவர்பூல்லேருந்து வர்றேன். அஞ்சு நாளா நடந்து. காய்ச்சல்ல கிடந்தேன். அந்தக் கயிறுக்காரன் விட்டுட்டுப் போயிட்டான். முதல் கடுதாசிக்கு அப்புறம் எழுதுனதையெல்லாம் போடச் சொல்லி அவன்கிட்டதான் குடுத்தேன், நாலு கடுதாசி. ஒண்ணாவது வந்துதா?"

"எவ்ளோ அழகா பேசுது" என்றாள் ஹோய்ல் மனைவி. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

நான் சொன்னேன். இதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னேன். "டோர்கஸக்கா, இது ஹெப்சிதான். உயிரோட இருக்கா. படம் பொய். பழைய தகட்டுலேருந்து எடுத்தது. நான்தான் வச்சேன்."

"நான் கண்ணால பாத்தேன் கெசியா. கிண்ணத்துல."

"ஊர்வலத்தன்னைக்கு எடுத்த படம் அது. வாயை இறுக்கிக்கிட்டு நின்னாளே, அது."

சட்கிளிஃப் என்னை நோக்கி விரலை நீட்டினார். "வட்டத்தை உடைச்ச உடனே பொய் பேசுற ஆவி ஒண்ணு உள்ள புகுந்துடும். புத்தகத்துல அப்படியே இருக்கு. புகுந்தது யாரு மேலன்னு பாருங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

ஹெப்சி எங்களைப் பார்க்கவில்லை. கணப்பின் மேல் வைத்திருந்த கறுப்பு ஓரம் போட்ட அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அருகில் போய் எடுத்தாள். உதடு அசைய வாசித்தாள். அட்டையைக் கவனமாக இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"அம்மா" என்று கையை நீட்டினாள்.

டோர்கஸ் பின்வாங்கினாள். சுவர் வரை பின்வாங்கினாள். முகமெல்லாம் கண்ணீர், சிரிப்பு. "தொடாத கண்ணு. போயிடாத. அங்கேயே நில்லு. நான் பாத்துக்கிட்டே இருக்கேன்."

ஹெப்சி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு விழுந்தாள். தூக்க யாரும் வரவில்லை. நான் தூக்கினேன். கனமே இல்லை.

*

என் வீட்டில் ஒன்பது நாள் இருந்தாள். இரண்டாம் நாள் டாக்டர் வந்தார். நெஞ்சில் காது வைத்துக் கேட்டார். வாசலில் வைத்து என்னிடம், இந்த வாரம் தாண்டினால் அதிசயம் என்றார். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

காய்ச்சல் இறங்கும் நேரத்தில் பேசுவாள்.

"நான் செத்ததுக்கு என்ன சமைச்சாங்க?"

"பன்றித் தொடை. விதை கேக்கு."

"கேக்கா! எத்தனை பேரு வந்தாங்க?"

"முப்பது."

"அடேயப்பா. உயிரோட இருக்கும்போது முப்பது பேரு என்கிட்ட பேசுனதுகூட இல்ல." சிரிக்கப் போய் இருமினாள்.

தகட்டைப் பற்றி அவளிடம் சொன்னேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "நல்லா வந்திருந்ததா படம்?" என்று மட்டும் கேட்டாள்.

டோர்கஸ் தினமும் மில் விட்டதும் வந்தாள். எலும்பு சூப் கொண்டுவந்து மேஜையில் வைப்பாள். நான்தான் ஊட்டுவேன். அவள் கட்டில் காலடியில் நிற்பாள், கைகள் பின்னால். தறியில் நடந்தது, தெருவில் நடந்தது எல்லாம் சொல்வாள். ஹெப்சி பதில் சொல்வாள். இரண்டு பேரும் சிரிக்கவும் செய்தார்கள். நடுவில் ஒரு கட்டில் நீளம் இருந்தது.

ஐந்தாம் நாள் வாசலில் அவளை நிறுத்தினேன்.

"சூப்பு குடிக்கிறா. இருமுறா. பானையில மூத்திரம் போறா. நான் கொட்டுறேன். எந்த ஆவி அப்படிப் போகும்? இன்னும் நம்பலையா?"

"நம்பலேன்னு சொல்லல கெசியா."

"அப்போ போய்த் தொடுங்க. புள்ள கேக்குதே."

அவள் தன் கைகளைப் பார்த்தாள். "நீ சொல்றது நெசமா இருக்கலாம். சட்கிளிஃப் சொல்றதும் நெசமா இருக்கலாம். எனக்கு எழுத்து தெரியாது, தகடு தெரியாது. தொடாம இருந்தேன்னா, ரெண்டுல எது நெசமா இருந்தாலும் அவ இருக்கா. சாயங்காலம் வந்தா பாக்கலாம்."

அப்போது டாக்டர் சொன்னதைச் சொல்லியிருக்க வேண்டும். நாள் இல்லை, போய்த் தொடு என்று சொல்லியிருக்க வேண்டும். மகள் செத்துவிட்டாள் என்று ஏற்கெனவே ஒரு முறை நான் அவளிடம் சொல்லியாகிவிட்டது. மறுபடி சொல்ல வாய் வரவில்லை.

ஒன்பதாம் நாள் டோர்கஸ் மதியமே வந்துவிட்டாள். ஹெப்சி பேசுவதை நிறுத்தியிருந்தாள். கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள்.

"அம்மா" என்றாள். "ஒரே ஒரு தடவை."

டோர்கஸ் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அவள் கட்டிலைச் சுற்றி மெதுவாக வந்தாள். வலது கையை முன்னால் கொண்டுவந்தாள். நெற்றிக்கு மேல் ஒரு விரல் உயரத்தில் நிறுத்திவைத்திருந்தாள். பிறகு வைத்தாள்.

"சுடுது" என்றாள். "கெசியா, சுடுது! சுடுதுடீ!"

செருப்போடு கட்டிலில் ஏறினாள். மகளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். வெட்டிய தலையைத் தடவினாள், காதைத் தடவினாள், ஒவ்வொரு விரலாக எடுத்து எண்ணினாள். "என் புள்ள. என் புள்ள. எலும்பா இருக்கியே. என்னத்த சாப்பிட்ட அங்க?" திட்டினாள், முத்தமிட்டாள். மில் சங்கு ஊதியதுகூட அவளுக்குக் கேட்கவில்லை. ஹெப்சி முகத்தை அவள் வயிற்றில் புதைத்துக்கொண்டாள். அப்படி இரண்டு மணி நேரம் இருந்தார்கள்.

நான் கணப்பில் கரி போடத் திரும்பினேன். திரும்பிப் பார்த்தபோது டோர்கஸ் தடவுவதை நிறுத்தியிருந்தாள்.

"கெசியா."

போய்ப் பார்த்தேன். மூச்சு இல்லை.

அவள் தன் கையை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

"தொடாதேன்னு சொன்னாங்க" என்றாள். "நான் தொட்டேன்."

"நெஞ்சுல சளி. டாக்டர் அன்னைக்கே சொல்லிட்டாரு. நான்தான் மறைச்சிட்டேன். நீங்க தொட்டதால இல்ல."

"ஒம்போது நாள் இருந்தா. நான் தொடாம இருந்த வரைக்கும் இருந்தா."

"அக்கா, நான் சொல்றதைக் கேளுங்க."

"நீ சொல்லுவே" என்றாள்.

டாக்டரை அழைத்துவந்தேன். அவரும் சொன்னார். தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அடக்கம் நடந்தது. வட்டத்திலிருந்து யாரும் வரவில்லை. அவர்கள் கணக்கில் ஹெப்சியை ஏற்கெனவே அடக்கம் செய்தாயிற்று. பாவம், அந்த உருவத்தைத் தொட்டுவிட்டாளாம் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

ஆம்ப்ளரின் கதவில் நின்று நான் எல்லாவற்றையும் உரக்கச் சொன்னேன். உள்ளே படத்துக்குக் காத்திருந்த இரண்டு பெண்கள் என்னைப் பயத்தோடு பார்த்தார்கள். எழுந்து போகவில்லை. இப்போது வேறொருத்தி தகடு கழுவுகிறாள்.

டோர்கஸ் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். வருடம் நான்கு ஆகிறது. தகட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. தெருவில் பார்த்தால் நின்று பேசுகிறாள். மில்லுக்குப் போகிறாள். அறுந்த நூலை மட்டும் தன் கையால் தொடாமல், பக்கத்துத் தறிக்காரியைக் கூப்பிட்டு முடியச் சொல்கிறாள்.

போன வாரம் என் பக்கத்து வீட்டில் பெண் குழந்தை பிறந்தது. தாய்க்காரி பெருமையோடு அதைத் துணியில் சுற்றி வாசலுக்குக் கொண்டுவந்து, கொஞ்சம் பிடியுங்கள் என்று டோர்கஸிடம் நீட்டினாள்.

டோர்கஸ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்றாள்.